பலூன் பம்ப்: ஐசியு வாசலில் எழும் கேள்விகளும் பதில்களும்

மாரடைப்பு வந்து, ஆஞ்சியோவும் முடிந்த பிறகு, "பிரஷர் நிக்க மாட்டேங்குது, பலூன் பம்ப் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்று டாக்டர் வந்து சொல்வார். வெளியே நிற்கும் குடும்பத்துக்கு யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் கேட்க முடியாமல் போன கேள்விகளும், அதற்குப் பிறகு வரும் நீண்ட இரவில் மனதில் ஓடும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. உங்கள் நோயாளிக்கு எது சரி என்பதை அவரை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், திருப்பிக் கேள்வி கேட்கவும் இது உதவ வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பலூன் பம்ப் என்றால் என்ன?

இதயத்திலிருந்து உடல் முழுக்க ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய் பெருந்தமனி. அது நெஞ்சுக்குள் கீழ்நோக்கி இறங்கும் இடத்தில், நீளமான மெல்லிய பலூன் ஒன்றை வைக்கிறார்கள். பலூனிலிருந்து வரும் குழாய் தொடை மடிப்பு வழியாக வெளியே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்து நிற்கும் மெஷினோடு சேரும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அந்த மெஷின் பலூனை ஒரு முறை ஊதிச் சுருக்கும். ஐசியுவில் இதை ஐஏபிபி என்றும் சொல்வார்கள்.

இது தற்காலிகக் கருவி. சில மணி நேரமோ சில நாட்களோ இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள்.

ஏற்கெனவே ஆஞ்சியோவில் பலூன் வைத்துத்தானே அடைப்பை எடுத்தார்கள்? மறுபடியும் பலூனா?

நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். பில்லில் இரண்டு இடத்தில் பலூன் என்று பார்த்துவிட்டு ஒரே சிகிச்சைக்கு இரண்டு முறை காசு வாங்கிவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு.

ஆஞ்சியோபிளாஸ்டியில் பயன்படுவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன பலூன். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் தமனியில் அடைப்பு இருக்கும் இடத்தில் அதைக் கொஞ்ச நேரம் விரித்து, வழி உண்டாக்கி, ஸ்டென்ட் வைத்துவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். பலூன் பம்பில் இருப்பது பெரிய பலூன். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 மில்லி கொள்ளளவு, உயரம் குறைந்தவர்களுக்கு 30 அல்லது 34 மில்லி. அது எந்த அடைப்பையும் திறக்காது. சோர்ந்துபோன இதயத்துக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான்.

பேஸ்மேக்கரும் இது இல்லை. பேஸ்மேக்கர் துடிப்பின் வேகத்தைக் கவனிக்கும் கருவி. துடிப்பின் பலம் அதன் வேலை கிடையாது.

அது எப்படி இதயத்துக்கு உதவுகிறது?

இதயம் சுருங்கும்போது ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. விரியும்போது ஓய்வெடுக்கிறது, அடுத்த துடிப்புக்கான ரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி அது விரியும் நேரத்தில்தான் கிடைக்கிறது. சுருங்கும்போது தசையே இறுகித் தன் ரத்தக்குழாய்களை நெருக்கிவிடும். ஆக, உடம்புக்கெல்லாம் ரத்தம் கொடுத்துவிட்டு, ஓய்வு நேரத்தில்தான் இதயம் தனக்கு எடுத்துக்கொள்கிறது.

மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்தோ மயங்கியோ போனால், தள்ளும் பலம் குறைகிறது. பிரஷர் இறங்குகிறது. பிரஷர் இறங்கினால் இதயத் தமனிகளுக்குள் போகும் ரத்தமும் குறைகிறது. அதனால் மிச்சமிருக்கும் தசையும் பலவீனமாகிறது, பிரஷர் இன்னும் இறங்குகிறது. கார்டியோஜெனிக் ஷாக் என்று டாக்டர்கள் சொல்வது இந்தச் சுழலைத்தான்.

பலூன் பம்ப் இந்தச் சுழலை இரண்டு இடத்தில் தொடுகிறது. இதயம் சுருங்கி முடித்து, பெருந்தமனி வால்வு மூடியதும், பலூன் சட்டென்று விரிகிறது. பெருந்தமனிக்குள் இருக்கும் ரத்தம் இரண்டு பக்கமும் தள்ளப்படுகிறது. மேல்பக்கம் போவது இதயத் தமனிகளுக்கும் மூளைக்கும். கீழ்ப்பக்கம் போவது சிறுநீரகம் முதலான உறுப்புகளுக்கு. அடுத்த துடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன் பலூன் சட்டென்று சுருங்குகிறது. அந்த நொடியில் பெருந்தமனிக்குள் அழுத்தம் குறைந்திருப்பதால், இதயம் குறைந்த எதிர்ப்பில் ரத்தத்தை வெளியே தள்ள முடிகிறது.

எல்லாமே நேரக்கணக்கில்தான் இருக்கிறது. ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் தள்ளினால் வேகம் குறைவதைப் போல, இதயம் சுருங்கும் நேரத்தில் பலூன் விரிந்திருந்தால் உதவிக்குப் பதில் உபத்திரவம்தான். அதனால் மெஷின் ஈசிஜியையும் தமனிக்குள்ளிருக்கும் அழுத்தத்தையும் விடாமல் கவனித்து, பலூனை எப்போது ஊதுவது, எப்போது சுருக்குவது என்று முடிவு செய்கிறது. துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் சிரமப்படும்.

இதெல்லாம் சேர்ந்து எவ்வளவு உதவி? ஆரோக்கியமான இதயம் ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளும். பலூன் பம்ப் கூட்டிக்கொடுப்பது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. அதுவும் இதயம் தானாகத் துடித்துக்கொண்டிருந்தால் மட்டும். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆய்வுகளைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

பலூனுக்குள் என்ன இருக்கிறது? உள்ளே வெடித்துவிட்டால்?

ஹீலியம் வாயு. மிகவும் லேசானது என்பதால் மெல்லிய குழாய் வழியாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போய் வெளியே வந்துவிடும். நிமிடத்துக்கு 100 முறைக்கு மேல் ஊதிச் சுருக்க வேண்டி வரலாம், அதற்குக் காற்றைவிட இதுதான் வசதி.

பலூன் கிழிவது அரிது. பெருந்தமனிச் சுவரில் கால்சியம் படிந்து கரடாக இருப்பவர்களுக்கு உரசி ஓட்டை விழலாம். அப்படி ஆனால் ஹீலியம் குழாய்க்குள் ரத்தத் துளியோ பழுப்புத் தூளோ தெரியும். சிஸ்டர்கள் அடிக்கடி குனிந்து அந்தக் குழாயைப் பார்ப்பது அதற்காகவும்தான். ரத்தம் தெரிந்தால் உடனே மெஷினை நிறுத்தி, பலூனை வெளியே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே ரத்தம் உறைந்து, பலூனை எடுப்பதே கஷ்டமாகிவிடும்.

யாருக்கு வைக்கிறார்கள்?

மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் ஏதாவது கிழிந்துபோனவர்களுக்கு இது மிகவும் தேவைப்படும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசை அறுந்து ரத்தம் பின்னோக்கி நுரையீரல் பக்கம் பாய்வது ஒன்று. இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை விழுவது இன்னொன்று. இரண்டுக்குமே ஆபரேஷன்தான் தீர்வு. அதுவரை ஆளைத் தாக்குப்பிடிக்க வைக்கப் பலூன் பம்ப் உதவுகிறது. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் இடது பிரதானத் தமனியில் கடுமையான அடைப்பு இருந்து பைபாஸுக்குக் காத்திருப்பவர்கள், ஆபரேஷன் முடிந்தும் இதய-நுரையீரல் மெஷினிலிருந்து விடுபட முடியாதவர்கள், மருந்துக்கு அடங்காத துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், இதய மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் என்று பட்டியல் போகும். மாரடைப்பு ஷாக்கில் இருக்கும் எல்லாருக்கும் வைப்பது என்ற பழைய வழக்கம் இப்போது மாறிவிட்டது.

யாருக்கு வைக்கக் கூடாது?

பெருந்தமனி வால்வு சரியாக மூடாமல் ரத்தம் அதிகம் பின்னால் ஒழுகுபவர்களுக்குக் கூடாது. பலூன் விரியும்போது இன்னும் அதிக ரத்தம் இதயத்துக்குள்ளேயே திரும்பிவிடும். பெருந்தமனிச் சுவர் உள்ளுக்குள் கிழிந்தவர்களுக்கும் கூடாது. வயிற்றுப் பகுதியில் பெருந்தமனி வீங்கியிருந்தாலோ, கால் தமனிகளில் கடுமையான அடைப்பு இருந்தாலோ டாக்டர்கள் மிகவும் யோசிப்பார்கள். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர் முன்பே சொல்லியிருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவசரத்தில் எல்லாரும் மறப்பது இதைத்தான்.

வைப்பது பெரிய ஆபரேஷனா?

இல்லை. தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருக்கும் தமனிக்குள் ஊசியால் வழி செய்து, கம்பி ஒன்றின் மேல் பலூனை ஏற்றி மேலே கொண்டுபோவார்கள். பெரும்பாலும் ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில், எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே செய்வார்கள். அவசரம் என்றால் ஐசியு கட்டிலிலேயே வைப்பதும் உண்டு. பலூனின் நுனி, இடது கைக்குப் போகும் தமனி பிரியும் இடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் இடது கைக்கு ரத்தம் குறையும். கீழே இறங்கினால் சிறுநீரகத் தமனிகள் மறைபடும். அதனால்தான் தினமும் எக்ஸ்ரே, அடிக்கடி இடது மணிக்கட்டில் நாடி பார்ப்பது, மணிக்கு எவ்வளவு சிறுநீர் வந்தது என்று எழுதிவைப்பது எல்லாம்.

நோயாளிக்கு வலிக்குமா? பேசுவாரா, சாப்பிடுவாரா?

வென்டிலேட்டரில் இல்லாமல், நினைவோடு இருந்தால் பேசலாம். டாக்டர் அனுமதித்தால் சாப்பிடலாம். பலூன் அடிப்பது பெரும்பாலானவர்களுக்கு உள்ளே தெரிவதில்லை. தெரிவது மெஷினின் சத்தம்தான், டப் டப் என்று விடாமல் கேட்கும். கண்ணை மூடினால் அதுவே பெரிதாகக் கேட்டுப் பயமாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பார்க்கப் போகும்போது அது என்ன சத்தம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பாதிப் பயம் குறையும்.

உண்மையான கஷ்டம் முதுகுவலி. பலூன் போன காலை மடக்கக் கூடாது. தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது. எழுந்து உட்கார முடியாது, பாத்ரூம் போக முடியாது. நாள் கணக்கில் அப்படியே படுத்திருப்பது பெரிய வேதனை. வயதானவர்கள் இரவில் குழம்பிப்போய் எழப் பார்ப்பார்கள். அதைத் தடுக்கக் காலை லேசாகக் கட்டிவைப்பதும் உண்டு. கட்டியிருப்பதைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள், ஏன் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். நீண்ட நாள் காத்திருக்க வேண்டியவர்களுக்குத் தோள்பட்டைக்குக் கீழே உள்ள தமனி வழியாகப் பலூனை வைத்து, நடக்கவிடும் முறையும் சில மையங்களில் இருக்கிறது.

மானிட்டரில் பிரஷர் 120 என்று காட்டுகிறது. அப்படியென்றால் சரியாகிவிட்டதா?

இந்த எண்ணைப் பார்த்து ஏமாறுவது மிகவும் எளிது. பலூன் ஓடும்போது ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு மேடுகள் வரும். முதல் மேடு இதயம் தானாகத் தள்ளியது. இரண்டாவது மேடு பலூன் விரிந்ததால் வந்தது. நன்றாக வேலை செய்தால் அதுதான் உயரமாக இருக்கும். மானிட்டர் சில சமயம் அந்த உயரத்தையே பெரிய எழுத்தில் காட்டும். அதாவது நீங்கள் பார்க்கும் 120 பலூனுடையதாக இருக்கலாம், இதயத்தின் சொந்த அழுத்தம் 85-ஆக இருக்கலாம்.

கேட்க வேண்டியது சராசரி அழுத்தம். பொதுவாக 65-க்குக் குறையாமல் வைத்திருக்கப் பார்ப்பார்கள். அதோடு பிரஷரைத் தூக்கும் மருந்து, நார்அட்ரினலின் போன்றது, நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் இறங்குகிறதா, சிறுநீர் வருகிறதா, கை கால் சூடாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். மருந்தைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்திவைத்த பிரஷரும், மருந்தைக் குறைத்த பிறகும் நிற்கும் பிரஷரும் மானிட்டரில் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

என்னென்ன ஆபத்து?

முதல் கவலை கால். பலூன் குழாய் தொடைத் தமனியில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் கீழே ரத்தம் குறையலாம். கால் சில்லென்று ஆவது, வெளுப்பது, நீலம் பாரிப்பது, மரத்துப்போவது, வலிப்பது எல்லாமே அவசர அறிகுறிகள். பார்க்கப் போகும்போது இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே சொல்லுங்கள். தயங்க வேண்டாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குழாய் போன இடத்தில் ரத்தம் கசியலாம், உள்ளுக்குள் கட்டலாம். உறையாமலிருக்கப் பெரும்பாலும் ஹெபரின் போடுவதால் இந்த வாய்ப்பு கூடுகிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சில நாளில் குறையும். நாள் கூடக்கூடத் தொற்று வரலாம். ரத்தக்கட்டி நகர்ந்து பக்கவாதம் வருவது, பெருந்தமனிச் சுவர் காயப்படுவது இவை அரிது. இன்னொன்று: உள்ளே இருக்கும் பலூன் அசையாமல் கிடக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் அதன் மடிப்புகளில் ரத்தம் உறையத் தொடங்கலாம். அலாரம் அடித்ததும் சிஸ்டர் ஓடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை வைத்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுமா?

நேர்மையான பதில் வேண்டும் என்றால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பல பத்தாண்டுகளாக, மாரடைப்பு ஷாக் என்றாலே பலூன் பம்ப் என்றுதான் இருந்தது. செயல்படும் விதம் தெளிவாக இருந்தது, மானிட்டரில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது, எல்லாரும் நம்பினார்கள். 2012-ல் ஜெர்மனியில் ஐஏபிபி-ஷாக் 2 என்ற ஆய்வின் முடிவு வந்தது. ஹோல்கர் தீலே தலைமையில் 600 நோயாளிகள். எல்லாருக்கும் அடைப்பைத் திறக்கும் சிகிச்சை உண்டு. பாதிப் பேருக்குப் பலூன் பம்ப், மீதிப் பேருக்கு இல்லை. 30 நாளில் இறந்தவர்கள் பலூன் வைத்தவர்களில் 39.7 சதவீதம், வைக்காதவர்களில் 41.3 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இதில் வித்தியாசமே இல்லை. ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் தெரியவில்லை. பலூனால் பெரிய கெடுதலும் வரவில்லை, உயிர் காக்கும் பலனும் வரவில்லை. 2014-ல் ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் ஷாக்கில் இருக்கும் எல்லாருக்கும் வழக்கமாக இதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

மேலே சொன்ன அரை லிட்டர், ஒரு லிட்டர் கணக்கு இங்கேதான் வருகிறது. கடுமையான ஷாக்கில் உடம்புக்கு அந்த உதவி போதவில்லை என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம்.

உயிரைக் காப்பது எது என்று 1999-லேயே அமெரிக்காவிலிருந்து ஜூடித் ஹாக்மன் தலைமையில் நடத்திய ஷாக் ஆய்வு காட்டிவிட்டது. அடைத்த தமனிக்கு ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ உடனே செய்தவர்களில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 50.3 சதவீதம், முதலில் மருந்து கொடுத்து நிலைப்படுத்தப் பார்த்தவர்களில் 63.1 சதவீதம். ஆகவே மாரடைப்பு ஷாக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மெஷினைப் பற்றியது கிடையாது. அடைத்த தமனி திறந்ததா, எப்போது திறந்தது என்பதுதான்.

அப்படியானால் ஏன் இன்னும் வைக்கிறார்கள்? காசுக்காகவா?

இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் ஐஏபிபி-ஷாக் 2 ஆய்வு கேட்ட கேள்வி, ஷாக்கில் உள்ள எல்லாருக்கும் வழக்கமாக வைத்தால் பலன் உண்டா என்பது. வால்வுத் தசை அறுந்தவர், ஆபரேஷன் தியேட்டர் தயாராகும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியவர், இவர்களைப் பற்றி அது பேசவில்லை. அவர்களுக்குப் பலூன் பம்ப் இன்றும் நியாயமான தேர்வுதான். தவிர, இது சுலபமாகப் பொருத்தக்கூடியது, மற்றக் கருவிகளைவிட விலை மிகவும் குறைவு, நிறைய மருத்துவமனைகளில் இருக்கிறது.

எங்கே எச்சரிக்கை வேண்டும் என்றால், எதற்காக வைக்கிறோம் என்று யாரும் தெளிவாகச் சொல்லாமல், ஏதாவது செய்தாக வேண்டுமே என்று வைக்கும்போது. அதற்குத்தான் கடைசியில் ஒரு கேள்வியைச் சொல்லியிருக்கிறேன்.

இம்பெல்லா என்று ஒன்று சொல்கிறார்களே?

ஜெர்மனியின் ஆகன் நகரத்தில் உருவான கருவி. தொடைத் தமனி வழியாகப் போய், பெருந்தமனி வால்வைத் தாண்டி, நேராக இடது கீழறைக்குள் நுழையும் ஒரு குட்டி மோட்டார் பம்ப். உள்ளே இருக்கும் ரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடும். சிபி என்ற மாடல் நிமிடத்துக்கு 46,000 சுற்றுவரை சுழன்று மூன்றரை லிட்டருக்கு மேல் தள்ளக்கூடியது. இதயம் தள்ளுவதற்குப் பலூன் உதவி செய்கிறது. இம்பெல்லா தள்ளும் வேலையில் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது.

2024-ல் டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் மருத்துவமனைகளில் நடந்த டேன்ஜர் ஷாக் ஆய்வின் முடிவு வந்தது. பெரிய மாரடைப்போடு ஷாக்கில் இருந்த 355 பேரில், 180 நாளில் இறந்தவர்கள் இம்பெல்லா வைத்தவர்களில் 45.8 சதவீதம், வைக்காதவர்களில் 58.5 சதவீதம். மாரடைப்பு ஷாக்கில் ஒரு தற்காலிகப் பம்ப் உயிர் காத்தது என்று பெரிய ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது இதுவே முதல் முறை. நான் படித்து மகிழ்ந்த செய்தி இது. ஆனால் அதே ஆய்வில் இம்பெல்லா வைத்தவர்களுக்கு ரத்தப்போக்கும் கால் பிரச்சினையும் அதிகம். டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 41.9 சதவீதம், மற்றவர்களில் 26.7. மாரடைப்பில் இதயம் நின்று, மீண்ட பிறகும் நினைவு திரும்பாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதும் முக்கியம். நம் வார்டுகளில் ஷாக்கோடு வருபவர்களில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

இம்பெல்லாவின் குழாய் தடிமன், பலூன் குழாயைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேகமாகச் சுழல்வதால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் சிவந்தோ கறுத்தோ போகலாம். விலையும் பல மடங்கு.

எக்மோ?

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைத் தெரியாதவர்கள் குறைவு. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கும், 2020-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் எக்மோ வைத்த செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. இருவருமே பிழைக்காததால், எக்மோ என்றாலே கடைசிக் கட்டம் என்ற எண்ணம் படிந்துவிட்டது. அது முழு உண்மை கிடையாது. எக்மோவில் இருந்து மீண்டு நடந்து வீட்டுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள், குறிப்பாக மீளக்கூடிய நோய் உள்ள இளையவர்களும் குழந்தைகளும்.

எக்மோ ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திருப்பி உள்ளே அனுப்புகிறது. இதயத்துக்காக வைக்கும்போது, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரையிலிருந்து எடுத்துத் தமனியில் விடுவார்கள். நுரையீரலுக்காக மட்டும் என்றால் சிரையிலிருந்து எடுத்துச் சிரையிலேயே விடுவார்கள். இதயம் முழுவதும் நின்றுபோனாலும் எக்மோ ரத்த ஓட்டத்தை நடத்தும். பலூனால் அது முடியாது.

ஆனால் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. தொடைத் தமனியில் விட்ட ரத்தம் பெருந்தமனியில் எதிர்த்திசையில் மேலே வருகிறது. பலவீனமான இதயம் அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அதனால் எக்மோவோடு பலூனையோ இம்பெல்லாவையோ சேர்த்து வைப்பதும் நடக்கும். ஒருவருக்கு இரண்டு மெஷினா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மாரடைப்பு ஷாக்கில் எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே எக்மோ வைத்தால் என்ன என்று 2023-ல் தீலே குழுவினரே ஆய்வு செய்தார்கள். இறப்பு 47.8 சதவீதம், வைக்காதவர்களில் 49. பலன் தெரியவில்லை, ரத்தப்போக்கு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

இதை யார் கண்டுபிடித்தது?

இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் ரத்தத்தைத் தள்ளிக்கொடுக்கலாம் என்ற யோசனையை 1950-களில் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் சோதித்தார். 1962-ல் கிளீவ்லாந்தில் மூலோபூலோஸ், டோபாஸ், கோல்ஃப் மூவரும் பெருந்தமனிக்குள் பலூன் வைக்கும் வடிவத்தை உருவாக்கினார்கள். இதில் கோல்ஃப் என்பவர் டயாலிசிஸ் மெஷினை உருவாக்கிய அதே வில்லம் கோல்ஃப். 1967-ல் புரூக்ளினில் உள்ள மைமோனிடிஸ் மருத்துவமனையில் கான்ட்ரோவிட்ஸ் முதன்முதலில் நோயாளிக்கு இதை வைத்தார். ஷாக்கில் இருந்த 45 வயதுப் பெண். சில மணி நேரப் பலூன் உதவிக்குப் பிறகு அவர் பிழைத்தார். அப்போதெல்லாம் தொடையைக் கீறித்தான் வைக்க வேண்டும். ஊசி வழியாக வைக்கும் முறை 1970-களின் கடைசியில் வந்த பிறகுதான் இது ஊரெங்கும் பரவியது.

எத்தனை நாள் இருக்கும்? எப்படி எடுப்பார்கள்?

பெரும்பாலும் இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம். மருந்துகள் குறைந்த பிறகும் பிரஷர் நின்றால் பலூனின் உதவியைக் குறைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஊதியது, இரண்டு துடிப்புக்கு ஒரு முறை, பிறகு மூன்றுக்கு ஒரு முறை. சில இடங்களில் ஊதும் அளவைக் குறைப்பார்கள். தாங்கினால் ஹெபரினை நிறுத்தி, பலூனை உருவி, அந்த இடத்தை அரை மணி நேரம் போலக் கையால் அழுத்திப் பிடிப்பார்கள். அதன் பிறகும் பல மணி நேரம் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும்.

எடுக்கவே முடியாத நிலை வந்தால்?

அப்போது வழிகள் மூன்று. இன்னும் பலமான கருவிக்கு மாறுவது. நிரந்தரமாகப் பொருத்தும் இடது கீழறைப் பம்ப் அல்லது இதய மாற்று சிகிச்சைக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பது. தமிழ்நாட்டில் மாற்று இதயத்துக்கான காத்திருப்போர் பட்டியலை அரசின் டிரான்ஸ்டான் அமைப்பு வைத்திருக்கிறது. இரண்டுக்கும் வழி இல்லையென்றால், மெஷினைத் தொடர்வதால் அவருக்கு நன்மையா வேதனையா என்று பேசுவது. மூன்றாவதைப் பற்றி டாக்டர்கள் பேசத் தயங்குவார்கள், குடும்பம் கேட்கப் பயப்படும். இரண்டு பக்கமும் மௌனமாக இருக்கும் நாட்களில் கஷ்டப்படுவது படுக்கையில் இருப்பவர்.

மெஷின் ஓடுகிறதென்றால் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? செத்தவருக்கு ஓட்டிக் காசு பறிக்க முடியுமா?

பலூன் பம்ப் இதயத்தின் துடிப்பைப் பார்த்துத்தான் இயங்க வேண்டும். துடிப்பு இல்லாதவருக்கு அதனால் ரத்த ஓட்டத்தை உண்டாக்க முடியாது. மானிட்டரில் தமனி அழுத்தத்தின் அலைகளைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல், உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்து, தினமும் ஒரே டாக்டரிடம் ஒரே நேரத்தில் பேசச் சொல்லுங்கள். ஆளுக்கொருவர் போய்க் கேட்டு வந்து ஆளுக்கொன்று சொல்லும்போதுதான் பாதிச் சந்தேகங்கள் பிறக்கின்றன.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் என்ன கேட்பது?

ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் இதைக் கேளுங்கள்: "இந்த மெஷின் எதுக்காக நேரம் வாங்கித் தருது டாக்டர்?"

இந்தக் கருவிகள் எதுவும் நோயைக் குணப்படுத்துவதில்லை. வேறொன்று நடக்கும்வரை தாங்கிப்பிடிக்கின்றன. அந்த வேறொன்று என்ன என்று டாக்டரால் சொல்ல முடிய வேண்டும். ஸ்டென்ட் வைத்த தசை மயக்கம் தெளிந்து மீளும் என்று எதிர்பார்க்கிறார்களா? நாளைக் காலை வால்வு ஆபரேஷனா? பெரிய மையத்துக்கு ஆம்புலன்ஸில் மாற்றப்போகிறார்களா? மாற்று இதயமா? அல்லது மூளை எப்படி இருக்கிறது என்று தெரியும்வரை இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதா? கடைசியில் சொன்னதும் நியாயமான பதில்தான், வெளிப்படையாகச் சொன்னால் போதும். அதோடு, எத்தனை நாள் பார்ப்பீர்கள், எதைப் பார்த்து முன்னேற்றம் என்பீர்கள், முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்து என்ன என்றும் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் நீங்களும் டாக்டரும் அதே தாளை வைத்துக்கொண்டு பேசலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

தொடை மடிப்பில் நீலமாகக் கன்றியிருப்பது சில வாரத்தில் மறையும். அங்கே கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, தொட்டால் துடித்தாலோ, கால் குளிர்ந்து மரத்துப்போனாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை யார் சொன்னாலும் தானாக நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குவதாக இருந்தாலும் இதய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போன் செய்யுங்கள்.